தோல் டோஸ்: ஒரே புள்ளி, மூன்று கருவிகள், மூன்று எண்கள்

நுண்கதிர் எழுதியது:

வணக்கம். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகச் சேர்ந்து எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்பகம் அகற்றப்பட்ட பின் மார்புச்சுவருக்குக் கதிர்வீச்சு பெறும் நோயாளிகளின் தோலில் எவ்வளவு டோஸ் சேர்கிறது என்று அளந்து தருமாறு எங்கள் மருத்துவர் கேட்டிருக்கிறார். போலஸ் (தோலின் டோஸை ஏற்ற அதன்மேல் வைக்கும் திசுவுக்கு நிகரான தகடு) வைக்கும் நாளில் தோல் எவ்வளவு பெறுகிறது, வைக்காத நாளில் எவ்வளவு பெறுகிறது என்பது தெரிந்தால்தான் எத்தனை நாள் போலஸ் வைப்பது என்று முடிவு செய்ய முடியும் என்கிறார்.

போலஸ் இல்லாத நாள்களில், தழும்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒரே புள்ளியில் அளந்தேன். 6 எம்வி (மெகாவோல்ட்) எக்ஸ் கதிர், மார்பை உரசிச் செல்லும் எதிரெதிரான இரண்டு டேன்ஜென்ட் புலங்கள், 15 தவணைகளில் 40 கிரே (டோஸின் அலகு), அதாவது தவணைக்கு 2.67 கிரே. கதிர் பட்டால் நிறம் மாறும் இபிடி3 ஃபிலிம் 1.50 கிரே காட்டியது. மறுநாள் அதே இடத்தில் வைத்த நானோடாட் என்ற சிறு டோஸ் அளவி 2.00 காட்டியது. திட்டமிடல் மென்பொருளில் அந்தப் புள்ளியைச் சொடுக்கினால் 2.30 வருகிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், அளவுத்திருத்தத்தில் பிழை தெரியவில்லை. இவற்றில் எந்த எண்ணை மருத்துவரிடம் கொடுப்பது?

திட்டவரைவு எழுதியது:

மென்பொருள் சொல்வதையே கொடுங்கள் என்பது என் கருத்து. நாம் நோயாளிக்குக் கொடுக்கும் மற்ற எல்லா எண்களும் அங்கிருந்துதான் வருகின்றன. மேலும் 10க்கு 10 சென்டிமீட்டர் திறந்த புலத்தில் 6 எம்வி கதிரின் மேற்பரப்பு டோஸ் 15 முதல் 20 விழுக்காடு வரைதான் என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். உங்கள் ஃபிலிம் தவணை டோஸில் 56 விழுக்காடு காட்டுகிறது. அப்படியானால் ஃபிலிமும் பிழை, நானோடாட் அதைவிடப் பெரிய பிழை என்றுதானே ஆகிறது?

கோபால்ட்60 எழுதியது:

தங்கை, உங்கள் மூன்று எண்களும் ஒருசேரச் சரியாக இருக்கக்கூடும். மூன்றும் வெவ்வேறு ஆழத்தின் டோஸைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

6 எம்வி கதிரில் டோஸ் உச்சத்தை எட்டுவது 1.5 சென்டிமீட்டர் ஆழத்தில். தோலில் குறைவாகத் தொடங்கி அந்த உச்சம் வரை ஏறும் பகுதியைத்தான் பில்டப் என்கிறோம். அந்த ஏற்றத்தின் மிகச் செங்குத்தான இடம் முதல் ஒரு மில்லிமீட்டர். திறந்த நேர்ப்புலத்தில் மேற்பரப்பில் இருக்கும் டோஸ் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போவதற்குள் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். ஆகவே அங்கே வைக்கும் எந்தக் கருவிக்கும், அதன் உணரும் பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் முதற்கேள்வி.

பாதுகாப்பு நெறிமுறைகளில் தோல் டோஸ் என்றால் 0.07 மில்லிமீட்டர் ஆழத்து டோஸ். மேல்தோலின் அடியில் புதிய செல்களைப் பெருக்கும் அடித்தள அடுக்கு ஏறத்தாழ அந்த ஆழத்தில் இருக்கிறது என்பதே காரணம். இபிடி3 ஃபிலிமில் 0.028 மில்லிமீட்டர் உணர் அடுக்கு இரண்டு 0.125 மில்லிமீட்டர் பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவே இருப்பதால் அது அளப்பது நீருக்குச் சமமான 0.15 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஆழம். நானோடாட்டின் மேல் உறையையும் சேர்த்தால் 0.8 மில்லிமீட்டர். வழக்கமான 0.89 மில்லிமீட்டர் டிஎல்டி (சூடாக்கினால் ஒளிரும் டோஸ் அளவி) சில்லு லித்தியம் ஃபுளூரைடு என்பதாலும் அதன் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய ஆழத்தையே சொல்லும். மென்பொருளோ 2.5 மில்லிமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடுகிறது. நீங்கள் சொடுக்கிய இடம் உடற்கோட்டுக்கு உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே அந்த 2.30 வந்துவிடும்.

திட்டவரைவு அவர்களுக்கு: பாடநூலின் 15 முதல் 20 விழுக்காடு, தட்டையான பரப்பில் செங்குத்தாக விழும் ஒரே ஒரு புலத்துக்குரியது. மார்புச்சுவரில் கதிர் சாய்ந்து உரசிக்கொண்டு போகிறது. சாய்வு கூடக்கூட, தோலுக்கு அடியில் கிளம்பும் எலெக்ட்ரான்கள் கடக்க வேண்டிய தூரம் தோலையொட்டியே அமைந்துவிடுவதால் மேற்பரப்பு டோஸ் ஏறுகிறது. அதோடு எதிர்ப்புலத்தின் வெளியேறும் கதிரும் அதே தோலில் சேர்கிறது. போலஸ் இல்லாமலே பாதிக்கு மேல் வருவது இயல்பு.

லீனாக்அறை எழுதியது:

நான் சிகிச்சை அறையில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் முதல் நாள் சிகிச்சையின்போது டயோடு என்ற சிறு உணரியைத் தோல்மீது வைத்து அளப்பது வழக்கம். அது எப்போதும் 97, 98 விழுக்காடு என்றே காட்டும். அதனால் தோலுக்கு முழு டோஸும் போகிறது என்றுதான் இதுநாள்வரை எண்ணியிருந்தேன், நோயாளிகளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். மேலே படித்ததும் குழப்பமாகிவிட்டது.

கோபால்ட்60 எழுதியது:

இந்தக் குழப்பம் இயற்பியலாளர்களிடமே உண்டு, அதனால் நீங்கள் கேட்டது மிக நல்லது. அந்த டயோடின் மேல் உலோகத் தொப்பி ஒன்று இருக்கிறது அல்லவா? அது உச்ச டோஸ் ஆழத்துக்குச் சமமான தடிமனில் செய்யப்பட்டது. டயோடு தோலின்மீது ஒட்டியிருந்தாலும் அதன் அளவீடு உடலுக்குள் 1.5 சென்டிமீட்டரில் இருக்கும் டோஸைக் குறிக்கும்படி அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. இயந்திரம் சரியான டோஸைத் தந்ததா, வெட்ஜ் (கதிரைச் சரிவாகக் குறைக்கும் ஆப்புத் துண்டு) மறந்துபோயிற்றா, தூரம் தவறிற்றா என்பவற்றைக் கண்டுபிடிப்பதே அதன் வேலை. அந்த வேலைக்கு அது மிகச் சிறந்தது. தோலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொப்பியே தனக்கு அடியிலுள்ள தோலுக்குப் போலஸ் ஆகிவிடுகிறது. ஆழத்தில் சிறு நிழலும் விழும். ஆகவே ஒரே இடத்தில் தினமும் வைக்கக் கூடாது.

அம்மாவின்மகள் எழுதியது:

மன்னிக்கவும், நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். எங்கள் ஊரில் சொல்வதுபோலச் சொன்னால் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்றோடு இருபத்திரண்டு நாள் முடிந்தது. முகத்தில் வலை போன்ற ஒரு மூடியைப் பொருத்தி மேசையோடு பூட்டிவிட்டுத்தான் வைக்கிறார்கள். கழுத்துத் தோல் கறுத்து, இரண்டு பக்கமும் உரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருக்கும் கட்டிக்குத்தானே கொடுக்கிறார்கள், தோல் ஏன் இப்படி ஆகிறது? யாரும் தோலை அளந்ததாகத் தெரியவில்லை. மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவினால் அதனால் கதிர் கூடிவிடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதால் இரண்டு நாளாக அதையும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

கதிர்மருத்துவர் எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் மருத்துவர் கொடுத்த களிம்பைத் தொடருங்கள். இன்றே பிரிவுச் செவிலியரிடம் கழுத்தைக் காட்டுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் பலவகைக் களிம்புகளைத் தடவித் தோல் டோஸை அளந்து பார்த்தார்கள். வழக்கம்போல ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வரை பூசினால் டோஸ் மாறவில்லை. மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அப்பினால்தான் போலஸ் போல வேலை செய்து டோஸை ஏற்றியது. சிகிச்சைக்குப் போகுமுன் தடிமனாக அப்பாமல் இருந்தால் போதும்.

தோல் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டீர்கள். அந்த மூடியை நாங்கள் மாஸ்க் என்போம். சூடான நீரில் மிருதுவாக்கி முகத்தில் படியவைத்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. தலை அசையாமல் இருக்க அது இன்றியமையாதது. ஆனால் தோலோடு ஒட்டியிருப்பதால் அதுவே மெல்லிய போலஸாகவும் ஆகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் மாஸ்க்கினால் கழுத்துத் தோல் டோஸ் சராசரியாக 18 விழுக்காடு கூடியிருந்தது. அதோடு, கழுத்து ஒரு மெல்லிய உறுப்பு. நிணநீர்க் கணுக்கள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் இலக்கின் எல்லை தோல்வரை வந்துவிடுகிறது. அப்படி எல்லையைத் தோல்வரை வரைந்துவிட்டால், மென்பொருள் அங்கே டோஸ் குறைவதைச் சரிசெய்வதாக எண்ணி மேலும் கதிரைத் தோலின்மீது குவிக்கும். அதனால்தான் பல இடங்களில் இலக்கின் எல்லையைத் தோலிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இழுத்துக்கொள்கிறோம். இவற்றையெல்லாம் உங்கள் மருத்துவர் கவனித்திருப்பார். கழுத்தில் கட்டி தோலை நெருங்கியிருந்தால் அவர் வேண்டுமென்றே தோலுக்கும் கொடுக்க வேண்டியிருந்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தோல் ஆறிவிடுகிறது.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். 0.07 மில்லிமீட்டர் என்று கோபால்ட்60 ஐயா சொன்னார். தோல் உரிவதற்கு அது பொருத்தமான ஆழம்தான். ஆனால் என்னிடம் ஐந்து ஆண்டு கழித்து வரும் நோயாளியின் மார்பில் சிவப்புச் சிலந்திவலை போல விரிந்த நுண்குழாய்களும், கடினமாகிப்போன தோலும் இருக்கும். அந்தக் கேடு உட்தோலில் நிகழ்வது. அதற்கு ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் கீழும்தானே பொருத்தமான ஆழம்? முடி உதிர்வதைக் கேட்டால் மயிர்க்கால்கள் நான்கைந்து மில்லிமீட்டரில் இருக்கின்றன. உள்ளங்காலில் மேல்தோலே பலமடங்கு தடிமன். ஒரே ஓர் ஆழத்தைத் தோல் என்று சொல்லிவிட முடியுமா?

கோபால்ட்60 எழுதியது:

முடியாது, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. எந்தக் கேட்டைப் பற்றிப் பேசுகிறோமோ அதற்குரிய ஆழத்தின் டோஸைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் ஆழம் குறிக்காத தோல் டோஸ் எண்ணை நான் ஏற்பதில்லை. ஓர் அறிக்கையில் 80 விழுக்காடு என்றும் இன்னோர் அறிக்கையில் 55 விழுக்காடு என்றும் வந்தால், இரண்டும் ஒரே நோயாளியின் ஒரே தோலாக இருக்கலாம் என்பதை இந்த இழையே காட்டிவிட்டது.

இந்தத் துறையே தோலிலிருந்துதான் தொடங்கிற்று என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். 1928இல் ரான்ட்ஜன் என்ற அலகு உலகளவில் ஏற்கப்படும் வரை, தோலைச் சிவக்க வைக்கும் அளவே கதிரின் அளவாக இருந்தது. மின்னழுத்தம் குறைந்த அக்கால எக்ஸ் கதிர்க் கருவிகளில் உச்ச டோஸ் தோலிலேயே விழுந்ததால், ஆழத்திலுள்ள கட்டிக்கு வேண்டியதைக் கொடுக்கத் தோல் விடவில்லை. 1951இல் கனடாவில் கோபால்ட் கருவிகள் வந்தபோது உச்சம் அரை சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. அந்த ஐந்து மில்லிமீட்டர்தான் எத்தனையோ பேரின் தோலைக் காப்பாற்றிற்று. நான் கோபால்ட்டில் பணிபுரிந்த காலத்தில் கதிரை மறைக்கும் ஈயக்கட்டிகளை வைக்கும் தட்டு நோயாளிக்கு மிக அருகில் வந்துவிடாமல் 15, 20 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கிறதா என்று தினமும் பார்ப்போம். தட்டிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் தோலில் விழுந்தால் அந்த ஐந்து மில்லிமீட்டரின் பயன் போய்விடும். இன்று அதே கேட்டைக் கார்பன் ஃபைபர் மேசை செய்கிறது. மேசை வழியாகப் பின்புறமிருந்து கதிர் செலுத்தும்போது முதுகுத் தோலின் டோஸ் பெருமளவு கூடுகிறது. மேசையைத் திட்டத்தில் சேர்க்காத இடங்களில் அது கணக்குக்கே வருவதில்லை.

திட்டவரைவு எழுதியது:

நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் ஓர் ஐயம் உண்டு. 0.07 மில்லிமீட்டரை நேரடியாக அளக்கும் கருவி நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. வோலங்காங் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே உருவாக்கிய மாஸ்கின் என்ற உணரி எங்கள் கைக்கு எட்டாது. மார்க்கஸ் அயனி அறை (காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தைக் கொண்டு டோஸை அளக்கும் தட்டைக் கருவி) இருக்கிறது. அதன் முன்சாளரம் மிக மெல்லியதுதானே, அதை மாதிரிப் பலகையில் வைத்து அளந்தால் போதாதா?

நுண்கதிர் எழுதியது:

அதை நான் முயன்று பார்த்தேன், ஆதலால் பதில் சொல்கிறேன். பழைய மார்க்கஸ் அறையில் இரண்டு மின்முனைகளுக்கு இடைவெளி 2 மில்லிமீட்டர், மின்முனையைச் சுற்றிய காப்பு வளையத்தின் அகலமோ 0.2 மில்லிமீட்டர்தான். பில்டப் பகுதியில் பக்கச்சுவரிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் உள்ளே நுழைந்து அளவைக் கூட்டிவிடுகின்றன. அதனால் மேற்பரப்பில் அது உண்மையைவிடப் பல விழுக்காடு அதிகம் காட்டும். கெர்பி, கான் ஆகியோர் 1990இல் கொடுத்த திருத்தத்தைப் பயன்படுத்தினால் அது பெருமளவு சரியாகிறது. காப்பு வளையம் 2 மில்லிமீட்டராகவும் இடைவெளி 1 மில்லிமீட்டராகவும் உள்ள அட்வான்ஸ்டு மார்க்கஸில் திருத்தம் சிறியது. இடைவெளியை மாற்றிக்கொண்டே போய்ப் பூச்சியத்துக்கு நீட்டிக் காணும் எக்ஸ்ட்ராபொலேஷன் அறைதான் இவற்றுக்கெல்லாம் அளவுகோல், அது எங்களிடமும் இல்லை.

ஆனால் அயனி அறையைச் சாய்ந்த மார்புச்சுவரில் நோயாளிமீது வைக்க முடியாது. ஆகவே கோபால்ட்60 ஐயாவின் முதற்பதிலைப் படித்த பிறகு வேறொன்று செய்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய மூன்று இபிடி3 துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதே புள்ளியில் வைத்தேன். ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். ஆகவே மேல் தாள் தொடங்கி மூன்றும் மூன்று ஆழங்களைச் சொல்கின்றன. கிடைத்தவை 56, 67, 75 விழுக்காடு. இவற்றை வரைபடத்தில் இட்டு 0.07 மில்லிமீட்டருக்குப் பின்னோக்கி நீட்டினால் ஏறத்தாழ 52 விழுக்காடு வருகிறது. அதே கோட்டில் 0.8 மில்லிமீட்டரைப் பார்த்தால் என் நானோடாட் காட்டிய 75 இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் வந்து அமர்கிறது. அந்த வரைபடத்தைக் கண்டதும் எனக்குப் பெரும் நிம்மதி. இத்தனை நாளாக என் கருவிகளைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கோபால்ட்60 எழுதியது:

அருமை. ஸ்கேன் செய்யும்போது மூன்று துண்டுகளும் தாளின் ஒரே திசையில் கிடந்தனவா? மூலையில் குறியிட்டு வெட்டாவிட்டால் அந்தத் திசை தெரியாமல் போய்விடும், அதுவே சில விழுக்காடு பிழையைத் தரும். கதிர் பட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

நுண்கதிர் எழுதியது:

மூலையில் சிறு வெட்டு இட்டேன், ஐயா. அளவுத்திருத்தத் துண்டுகளையும் நோயாளித் துண்டுகளையும் 24 மணி நேரம் உறைக்குள் இருட்டில் வைத்த பிறகே, ஸ்கேனரின் நடுப்பகுதியில் வைத்து எடுத்தேன். சிவப்பு அலைவரிசையைப் பயன்படுத்தினேன்.

லீனாக்அறை எழுதியது:

அளப்பவர்கள் அறியாத ஒன்றைச் சிகிச்சை அறையிலிருந்து சொல்ல விரும்புகிறேன். முதல் வாரத்தில் ஃபிலிமைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள், யாருக்கும் வலிக்காது. மூன்றாம் வாரத்தில் அந்தத் தோல் வெயிலில் காய்ந்த வெங்காயச் சருகு போல இருக்கும். ஒருமுறை ஓர் அம்மாவுக்கு அக்குளுக்கு அருகில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் அறையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ஃபிலிமை வைத்து, உறையின் நீண்ட வாலைப் புலத்துக்கு வெளியே நல்ல தோலில் ஒட்டுகிறோம். போலஸ் உள்ள நாளில் ஒட்டவே வேண்டியதில்லை, போலஸே பிடித்துக்கொள்ளும். உறையின் தடிமனையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

போலஸைப் பற்றியும் ஒன்று. தட்டையான போலஸ் தழும்பின் மேட்டிலும் அக்குள் மடிப்பிலும் படியாது. நாங்கள் கையால் அழுத்திப் பார்ப்போம், அழுத்தும்போது படியும், கையை எடுத்தால் எழும்பிவிடும்.

கதிர்மருத்துவர் எழுதியது:

அந்த எழும்பும் இடம்தான் எனக்குக் கவலை. மார்புச்சுவரில் நோய் திரும்பும்போது பெரும்பாலும் தோலிலும் தழும்பை ஒட்டியும்தான் திரும்புகிறது. அங்கே டோஸ் குறைவது உரிவதைவிடப் பெரிய தீங்கு. தோலுக்குக் கூடுதலாகப் போவதைப் பற்றியே இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம், குறைவாகப் போவதையும் அளக்க வேண்டும்.

கோபால்ட்60 எழுதியது:

தோலே இலக்காக இருக்கும் சிகிச்சையில் இதைத் தெளிவாகக் காணலாம். தோலில் பரவும் லிம்போமா என்ற புற்றுநோய்க்கு உடல் முழுவதும் எலெக்ட்ரான் கதிர் கொடுப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு முறையில் நோயாளி ஆறு நிலைகளில் நிற்பார், மரபான மொத்த டோஸ் 36 கிரே. உள்ளங்கால், உச்சந்தலை, தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியிலுள்ள மடிப்பு ஆகிய இடங்களுக்குக் கதிர் சரியாகப் போகாது. உடலெங்கும் டிஎல்டி ஒட்டி அளந்து, குறைந்த இடங்களுக்குத் தனியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். அங்கே அளவீடு இல்லாமல் சிகிச்சையே இல்லை. மார்புச்சுவருக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அம்மாவின்மகள் எழுதியது:

கதிர்மருத்துவர் ஐயாவுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன அன்றே செவிலியரிடம் காட்டினேன். புண்ணுக்கு ஒட்டாத துணி வைத்துக் கட்டிவிட்டார்கள், களிம்பையும் தொடங்கிவிட்டேன். மருத்துவரிடம் தோலைப் பற்றிக் கேட்டேன். வலப்பக்கக் கணு தோலை ஒட்டியே இருந்ததால் அந்தப் பக்கம் வேண்டுமென்றேதான் கொடுத்திருப்பதாகப் படத்தில் காட்டி விளக்கினார். இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

நுண்கதிர் எழுதியது:

கதிர்மருத்துவர் சொன்னதைப் படித்த பிறகு, போலஸ் வைத்த நாளில் ஒரே புள்ளியில் அளப்பதை விட்டுவிட்டு, தழும்பின் நெடுகிலும் அக்குள் மடிப்புவரை ஐந்து இடங்களில் போலஸுக்கு அடியில் ஃபிலிம் வைத்தேன். 5 மில்லிமீட்டர் போலஸ். நான்கு இடங்களில் 95 முதல் 101 விழுக்காடு வரை வந்தது. அக்குள் மடிப்பில் மட்டும் 83. மறுநாள் படுக்கவைத்தபின் டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன், அங்கே என் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குப் போலஸ் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த முனையில் போலஸை இரண்டு இடங்களில் கீறி மடிப்புக்குள் படியவைத்து, மீந்த குழியை ஈரத்துணி கொண்டு நிரப்பினோம். நேற்றைய அளவு 94.

அளவீட்டுப் படிவத்தில் இடம், தேதி, டோஸ் என்று மூன்று கட்டங்களே இருந்தன. நான்காவதாக ஆழம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறேன். மருத்துவருக்குப் போலஸ் இல்லாத நாளுக்கு 0.07 மில்லிமீட்டரில் 52 விழுக்காடு, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி 77 என்று இரண்டு எண்களைக் கொடுத்தேன். இரண்டாவது எண் எதற்கு என்று கேட்டார். ஐந்து ஆண்டு கழித்து வரும் சிவப்பு நுண்குழாய்களுக்கு என்றேன். சிறிது நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நோயாளிக்கும் இதே இரண்டையும் எடுத்துவரச் சொன்னார். அந்த நோயாளிக்கு வியாழக்கிழமை முதல் நாள். உறையின் தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன், லீனாக்அறை அவர்களுக்கு நன்றி.